இப்படி ஒருவர் உண்டு

வியாழன் இரவு பத்து நாற்பது.
குதைபியாவில் பரோட்டாக் கடை ஷட்டர்
பாதி இறங்கிவிட்டது.
நாலாம் மாடியில் நான்,
நாற்பத்தேழு சிவப்புப் புள்ளிகள்,
ரெஜிமோன் வைத்துவிட்டுப் போன
ஆறிய கரக் டீ.

பணம் அனுப்பும் கம்பெனிக்கு ஒரு லைப்ரரி.
இருபத்தேழாம் தேதி சம்பளம் விழுமுன்
ஐஃபோனுக்குள் அது உட்கார்ந்தாக வேண்டும்.
அடியில் பழைய ஆப்ஜெக்டிவ்-சி.
மேலே நான் எழுதிய ஸ்விஃப்ட்.
அதற்கும் கீழே, யாரும் இறங்காத நிலவறையில்
பூட்டுச்சாவி வேலை பார்க்கும் சி பிளஸ் பிளஸ்.

மொழிகள் கலப்பதற்கு
உவமை சொல்வது சுலபம்.
எங்கள் லிஃப்டில் ஏறினாலே ஐந்து மொழி.
தகாலோக்கில் சிரித்து, இந்தியில் வாடகை கேட்டு,
அரபியில் சலாம் சொல்லி இறங்குகிறோம்.
ஆனால் உன் பெயர் எனக்குத் தெரியாது என்று
லிஃப்ட் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.
கம்பைலர் அனுப்பும்.

ஹெடர் கோப்பு காணோம் என்றது.
கண்முன் இருக்கிறது. காணோம் என்கிறது.
பிரிட்ஜிங் ஹெடர் போட்டேன்.
ஆப்பில் செல்லும் பாலம்
ஃபிரேம்வொர்க்கில் செல்லாதாம்.
அதைப் பிடுங்கி, குடைக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்.
அப்போதும் காணோம்.
ஒரு மணி நேரம் கழித்து,
வலது ஓரத்துச் சின்னப் பட்டியலில் பார்த்தேன்:
அந்தக் கோப்பு 'பப்ளிக்' இல்லை, 'புராஜெக்ட்'.
உள்ளே உழைக்கலாம், வெளியே முகம் காட்டக் கூடாது.
மாற்றினேன்.
நாற்பத்தேழு பத்தொன்பது ஆயிற்று.

கோப்பின் தலையில்
செய்யிது நெய்னா, மார்ச் 2013.
நடுவே ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்:
'இங்க கை வெக்காத, ரெண்டு நாள் போச்சு.'
கை வைத்தேன்.

மிச்சம் பத்தொன்பதும் ஒரே வட்டம்.
ஸ்விஃப்டுக்கு ஆப்ஜெக்டிவ்-சி முதலில் வேண்டும்.
ஆப்ஜெக்டிவ்-சிக்கோ
ஸ்விஃப்ட் பெற்றுத் தரும் ஹெடர் முதலில் வேண்டும்.
நீ முதலில், நீ முதலில் என்று
வாசலிலேயே இரண்டும்.

இந்த வட்டம் எனக்குப் பழக்கம்.
வந்த முதல் மாதம்,
வீட்டுக்குச் செக் கேட்டார்கள்,
செக்குக்கு வங்கிக் கணக்கு,
கணக்குக்கு அடையாள அட்டை,
அட்டைக்கு வீட்டு முகவரி.
நாலு கவுண்டர், நாலு டோக்கன்.
கடைசியில் ஹெச்.ஆர். மரிசெல்
வெள்ளைத்தாளில் முத்திரை குத்தித் தந்தாள்:
இன்னார் எங்களிடம் இருக்கிறார்.
என்ன வேலை, எவ்வளவு சம்பளம், ஒன்றும் இல்லை அதில்.
போதுமாக இருந்தது.

நெய்னா இப்போது பாலத்துக்கு அப்பால், அல் கோபரில்,
நெடுஞ்சாலையோரம் டயர் கடை.
ரெஜிமோனிடம் நம்பர் இருந்தது.
வெட்கத்தை விட்டு ஒரு மணிக்குக் கேட்டேன்.
பதில் குரலாய் வந்தது, பின்னால் லாரி ஹாரன்:
'ஹெடர்ல இம்போர்ட் பண்ணாதம்மா.
அட் கிளாஸ்னு போட்டு பேர மட்டும் சொல்லு,
இப்படி ஒருத்தர் இருக்காருன்னு.
இம்போர்ட்ட டாட் எம்முக்குள்ள வெச்சுக்க.
ஆமா, அது இன்னும் உயிரோடவா இருக்கு?'

பெயரை மட்டும் சொன்னேன்.
உடம்பு பிறகு வரும் என்று நம்பி
கம்பைலர் கடந்து போனது.
பத்தொன்பது, ஆறு, ஒன்று.

அந்த ஒன்று நிலவறையிலிருந்து.
லிங்கர் தேடும் பெயர்
முன்னும் பின்னும் எழுத்து ஒட்டிக் கிடந்தது,
எழில்விழியை என் அட்டையில்
எசில்விசி என்று அச்சடித்த மாதிரி.
என் அட்டையைத் திருத்த மூன்று மாதம் ஆனது.
இங்கே ஒரே வரி: எக்ஸ்டர்ன் சி,
பெயரைப் புரட்டாதே.

பில்ட் சக்சீடட். மணி இரண்டு பத்து.
நெய்னாவுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். ஒற்றை டிக்.
அவர் குறிப்புக்குக் கீழே, அதே எழுத்தில்,
'மூன்றரை மணி நேரந்தான். எழில்' என்று தட்டினேன்.

வெளியே ஆகஸ்ட் ஈரம்
மூக்குக் கண்ணாடியை ஒரே மூச்சில் மூடியது.
துடைக்கவில்லை. தெரு எனக்குத் தெரியும்.
ஞாயிறன்று ரெஜிமோன் மெஷினில்
வேறொன்று காணோம் என்று வரும்.